ஜினியின் குப்பியில் இருந்த தண்ணீர்

கரமனை
சனிக்கிழமை இரவு

அன்பு மகன் பிரஜினுக்கு அம்மா எழுதுவது.

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே மக்கா. பகலில் இந்தக் கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை, அப்பாவும் ஜினியும் தூங்கின பிறகுதான் டியூஷன் பிள்ளைகளின் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்தேன். வெளியே கர்க்கடக மாதத்து ஆடி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. இங்கே நாங்கள் மூன்று பேரும் தேறி வருகிறோம். நீ அங்கே சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரியை இந்தத் தடவை பதில் வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன், அதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்று புதன்கிழமை கூப்பிட்டேன், நீ ஷிஃப்டில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். வாய்ஸ் அனுப்பினால் நீ ஸ்பீக்கரில் போட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாய், கூட இருக்கிற வினீத்தும் கேட்பான். அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஒரே மூச்சில் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் வரை படி.

முதலில் ஜினியைச் சொல்கிறேன், நீ அதைத்தான் தேடுவாய். கண்ணில் மஞ்சள் போய்விட்டது. மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது இப்போது தெளிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் இறங்கிக்கொண்டே வருகிறது, இனி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே ஓய்வு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் அடுத்த வாரமும் கிடையாது. கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். நேற்று என்னிடம், "எப்பப் பாத்தாலும் கஞ்சி, நான் என்ன கோழிக்குஞ்சா?" என்று கேட்டாள். அந்த வாய் திரும்பி வந்ததில் எனக்குப் பாதி நிம்மதி. நோய் வந்த முதல் இரண்டு நாள் அவள் பேசவே இல்லை, வாந்தி எடுப்பதும் சுருண்டு படுப்பதுமாக இருந்தாள், நான் மழைக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவளைக் குளிப்பாட்டும்போது ஜன்னல் பக்கம் திருப்பினேன், அப்போதுதான் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை என்று தெரிந்தது. நாகர்கோவிலில் இருந்து உன் அத்தை தினமும் கூப்பிட்டு யாரோ நெய்யாற்றின்கரையில் பச்சிலை கொடுக்கிறார்கள், ஒரு வேளை குடித்தால் போதும் என்றாள். ஈரல் ஏற்கெனவே படாத பாடு படுகிறது, அதன் தலையில் இன்னொரு வேலையை வைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னேன். "நீ படிச்சவளாக்கும், ஒனக்கு நாங்க சொல்லதா ஏறும்?" என்று போனை வைத்தவள் நான்கு நாளாகப் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

இனி தண்ணீரைப் பற்றி. நீ ஊருக்கு வந்திருந்தபோதே நம் சந்தில் சாக்கடை ஓடை போட ரோட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள் இல்லையா, அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தானே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாய். அந்த வெட்டில் குழாய் எங்கோ அடிபட்டிருக்கிறது. அடிபட்ட இடத்துக்கு மேலேயே ஓடைத் தண்ணீர் நின்றிருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அழுத்தம் இருக்கும், ஒன்றும் உள்ளே போகாது. நின்றுபோன நேரத்தில் வெளியே இருப்பது உள்ளே இழுபடும். காலையில் முதலில் கொஞ்சம் கலங்கலாக வந்து அப்புறம் தெளிந்துவிடும், தெளிந்ததும் எல்லாரும் குடத்தை வைப்போம். நம் சந்திலேயே ஜினியோடு சேர்த்து ஐந்தாறு பேருக்கு மஞ்சக்காமாலை. யார் வெட்டினது, யார் உடைத்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆள் வந்து ஒரு துண்டுக் குழாயை மாற்றிவிட்டுப் போனார்கள். இப்போது குளோரின் வாசனை தூக்கலாக வருகிறது, அந்த வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் மகாராஜா அண்ணாச்சியை மேல்தொட்டியைக் கழுவச் சொல்லி ஒரு வாரம் நச்சரித்தேன். "தொட்டியில என்னம்மா இருக்கு, நல்ல தண்ணிதான வருது, நம்ம திருநெல்வேலியில இந்தத் தண்ணிக்கு ஏங்குவாவ" என்று தட்டிக் கழித்தார். கடைசியில் கழுவ இறங்கினால் அடியில் கணுக்கால் அளவு சேறு, அதற்குள் அவருடைய டார்ச் லைட். அந்த டார்ச்சை நான் இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது என்னைக் கண்டால் மாடிப்படியில் திரும்பிப் போகிறார்.

நீ தினமும் அனுப்புகிற ஆர்.ஓ. மெஷின் லிங்குகளை எல்லாம் பார்த்தேன். இரண்டு நாள் பதில் சொல்லாததற்கு, "தங்கச்சி சாகக் கிடக்கா, நீங்க மெஷின் வாங்க யோசிச்சிட்டு இருக்கீங்க" என்று எழுதியிருந்தாய். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கையில் செய்ய ஒரு வேலை வேண்டும், உனக்கு அந்த மெஷின்தான் கிடைத்தது. ஆனால் ஏன் வாங்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். அப்பா ஒரு கம்பெனி ஆளை வரச் சொன்னார். அபிஜித் என்று ஒரு பையன், கழுத்தில் டை, மழையில் நனைந்த ஷூவை வாசலில் கழற்றிவிட்டு ரொம்ப மரியாதையாக உட்கார்ந்தான். நம் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவன் கொண்டுவந்த மெஷின் தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிய ஒரு சின்னப் பெட்டியை வைத்துக் கரண்ட் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் நம் தண்ணீர் துருப்பிடித்த சாக்கடை மாதிரி ஆகிவிட்டது, அவன் தண்ணீர் அப்படியே இருந்தது. "சேச்சி, இதாணு நிங்ஙள் குடிக்குந்நது" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினான். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ஜினி படுத்திருந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

நான் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருட கெமிஸ்ட்ரி பிராக்டிகல் எழுதினவள், மயக்கம் வந்து வந்து போகும், ஆனால் அந்தச் சோதனை மட்டும் மறக்கவில்லை. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் போனால் இரும்புக் கம்பிதான் கரையும், அந்தத் துருதான் டம்ளரில் தெரிவது. அடுக்களையில் இருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவனுடைய சுத்தமான தண்ணீரில் போட்டு, இப்போது வை தம்பி என்றேன். அது நம் தண்ணீரைவிடக் கறுத்துப்போனது. அவன் ஒரு நிமிடம் டம்ளரையும் என்னையும் பார்த்துவிட்டு, "சேச்சி டீச்சராணோ?" என்று சிரித்தான். கோபப்படவில்லை, நல்ல பையன், ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் போனான். அவன் மீட்டரிலேயே நம் தண்ணீரில் உப்பு ஐம்பதுக்கும் கீழே காட்டியது. ஆர்.ஓ. என்பது உப்பை எடுக்கத்தான் முக்கியமாக வேண்டும், கடல் பக்கத்துக் கிணற்றுக்கும் ஆழமான போருக்கும் சரி. இங்கே அணையில் இருந்து வருகிற மழைத் தண்ணீரில் எடுக்க உப்பே இல்லை, மெஷின் பாதித் தண்ணீரைக் கீழே கொட்டுவதுதான் மிச்சம். நம் பிரச்சினை ஓடையில் இருந்து வந்த கிருமி. மெழுகுவர்த்தி மாதிரி மண் குழல் வைத்த பழைய ஃபில்டர் கலங்கலை நிறுத்தும், இந்த மாதிரிச் சின்னக் கிருமியை நம்பி நிறுத்த முடியாது. யு.வி. விளக்கு வைத்தது கொல்லும், ஆனால் தண்ணீர் கலங்கலாக வந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, கரண்ட் போனாலும் வேலை செய்யாது. குழாய் சரியாகிக் கலங்கல் நின்ற பிறகு அதை வாங்கலாம் என்று வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் கொதிக்கவைப்பதுதான். தளதளவென்று கொதி வந்த பிறகும் சில நிமிடம் விட்டு, மூடி, அதே பாத்திரத்திலேயே ஆறவிடுவது. அப்பாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்த மனுஷனுக்குப் பளபளவென்று சுவரில் ஒரு பெட்டி தொங்கினால் தைரியமாக இருக்கும், எனக்கும் அது புரிகிறது.

இதில் எனக்கு ஒன்று மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை மக்கா. நாம் என்றைக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்தோம்? நீ பிறந்ததில் இருந்து இந்த வீட்டில் பதிமுகக் கட்டைச் சீவல் போட்டுக் கொதிக்கவைத்த ரோஸ் தண்ணீர்தான். சந்தேகத்துக்கு லேபில் இருந்து சுத்தமான குப்பி வாங்கி வந்து, குழாயில் ஒன்று, நம் பதிமுகத் தண்ணீர்ப் பாத்திரத்தில் ஒன்று பிடித்துக் கொடுத்தேன். குழாய்த் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது என்று வந்தது, பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. அப்படியானால் ஜினிக்கு எப்படி? பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன், அவள் வகுப்பில் ஒருவருக்கும் இல்லை, அங்கே அவள் வீட்டுக் குப்பியைத் தவிர வேறு குடிப்பதும் இல்லை. பல் தேய்க்கும்போது விழுங்கியிருப்பாளோ, பழம் கழுவியதில் இருந்திருக்குமோ என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். அவள் குப்பியை தினமும் நானும் பார்த்திருக்கிறேன், சாயங்காலம் கழுவும்போது அடியில் மிச்சம் இருப்பது ரோஸாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்துத் திருப்தியாகக் கழுவி வைப்பேன்.

போன திங்கட்கிழமை காலையில் அவளுக்குக் குடிக்க ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சுடுது, அண்ணன் தாற மாதிரி தா" என்றாள். அண்ணன் எப்படித் தருவான் என்று சும்மாதான் கேட்டேன். "பாதி பாத்திரத்துல இருந்து, பாதி டேப்புல இருந்து. அப்பந்தான் உடனே குடிக்கலாம். அண்ணனும் அப்படித்தான் குடிக்கும். கலர் போகாதும்மா, நீ வேணா பாரு" என்றாள். அவள் தூங்கின பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிப் பதிமுகத் தண்ணீரும் பாதி குழாய்த் தண்ணீரும் ஊற்றி ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நிறம் ஒரு சாயல் இறங்கியது, அவ்வளவுதான், தனியாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இந்த இடத்தில் நீ காகிதத்தைக் கீழே வைத்துவிடாதே. பள்ளி திறந்த பிறகு நீ இங்கே இருந்த நாட்களில் அவளைக் கிளப்பி, தலை சீவி, குப்பி நிறைத்து, பஸ் ஏற்றிவிட்டது நீதான். நான் டியூஷனில் இருப்பேன், அப்பா கடைக்குப் போயிருப்பார், காலையில் கொதித்த தண்ணீர் பஸ் வரும் நேரத்துக்குள் ஆறாது. பிளாஸ்டிக் குப்பியில் கொதிநீரை ஊற்றவும் முடியாது. நீ யோசித்துச் செய்த காரியம் அது இல்லை, கை தானாகச் செய்தது. அந்தக் கை எங்கே படித்தது என்று எனக்குத் தெரியும். பிளஸ் டூ லீவில் நீ தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பாவின் ஊண்கடையில் மேஜைக்கு மேஜை ஜக் வைத்தாயே, அங்கே அப்படித்தான் செய்வார்கள். அண்டாவில் பதிமுகம் கொதிக்கும், அதில் பாதி, டேப்பில் பாதி, ஜக்கைத் தொட்டால் இளஞ்சூடு, பார்த்தால் ரோஸ். சாப்பிட வருகிறவன் தொட்டும் பார்த்தும் நம்பிவிடுவான். நம் கடை என்று இல்லை, அந்த வரிசையில் உள்ள எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம், யாரும் அதை ஏமாற்று என்று நினைத்துச் செய்வதில்லை.

அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். முதலில் கடையைப் பற்றித்தான் சொன்னேன், சண்டைக்கு வந்தார். "ஊணு திங்க வாறவன் பஸ்ஸுக்கு நிக்கியவனாக்கும். வெள்ளம் ஆறுது வரைக்கும் அவன் ஊதிக்கிட்டு இருப்பானா?" என்றார். அப்புறம் ஜினி சொன்னதைச் சொன்னேன். கையில் இருந்த வெற்றிலையை மடிக்காமல் தட்டில் திருப்பி வைத்தார். "எனக்க கடையில பாத்துப் படிச்சதாக்கும். அவனச் சொல்லி என்னத்துக்கு" என்றார். மறுநாள் மூடியும் கீழே குழாயும் வைத்த இரண்டு பெரிய ஸ்டீல் பாத்திரம் வாங்கிவிட்டார். இப்போது கடையில் முந்தின நாள் சாயங்காலமே கொதிக்கவைத்து மூடி வைத்து, மறுநாள் அதை மட்டும்தான் ஜக்கில் பிடிக்கிறார்கள். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த டேப்பின் பிடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வேலைக்காரர்கள் பழக்கத்தில் திறந்துவிடுவார்கள் என்று. பாத்திரம் கழுவ வேண்டுமென்றால் அவரிடம் வந்து கேட்க வேண்டும். கடையில் எல்லாரும் அவருக்குப் பின்னால் சிரிக்கிறார்கள், அவர் கவலைப்படவில்லை. அந்தப் பிடியைப் பார்த்தபோது எனக்கும் ஒன்று தோன்றியது. நீ சொல்கிற மெஷினையே வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தாலும் அவசரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குழாய் இருந்திருக்கும்.

ஆனால் உன்னிடம் மட்டும் இதைச் சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அவனுக்கு ஒண்ணும் தெரியாண்டாம் கேட்டியா. ஒத்தைக்குக் கிடக்கான் அங்க. இது தெரிஞ்சா அவனுக்குச் சோறு இறங்குமா? அவன் மெஷின் அனுப்பணும்னு சொன்னா அனுப்பட்டும், நான் வாங்கி மாட்டுதேன், அவனுக்க மனசு ஆறட்டும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. உனக்கு வலிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இல்லை, வேறு எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் நானும் வாயை மூடிக்கொண்டு ஒரு மெஷினை வாங்கி மாட்டியிருப்பேன். சொல்லாமல் இருக்க முடியாததற்குக் காரணம் ஒன்றுதான். அவள் குடித்த தண்ணீரை நீயும் குடித்தாய்.

டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே மஞ்சக்காமாலை வந்து போயிருக்கிறது, இனி வராதாம். நான் சாயா தவிர வேறு குடிப்பதே குறைவு, என் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள், ஒன்றும் இல்லை. வேறு யாராவது வீட்டில் உண்டா என்று கேட்டபோது ஒரு மகன் வெளிநாட்டில் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், அப்போது குப்பி விஷயம் தெரியாது. தெரிந்த பிறகு போனில் கேட்டேன். இந்தக் கிருமி உள்ளே போய் இரண்டு வாரத்தில் இருந்து ஏழு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் காட்டலாம் என்றார். நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. நர்சிங்குக்குப் போவதற்கு முன் ஊசி போட்டாச்சு என்று நீ சொல்வாய். அந்த மூன்று ஊசிக்கும் உன்னை அழைத்துக்கொண்டு போனது நான்தான், அது ஹெபடைட்டிஸ் பி-க்கு, இது ஏ, இரண்டும் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது நீ சோறு கண்டாலே பிடிக்கவில்லை என்றாய். படி ஏறினால் கால் கழன்றுபோகிறது, நைட் ஷிஃப்ட் பழகவில்லை என்றாய். இருக்கலாம். உன் அறையில் அந்த மஞ்சள் பல்பு, அதற்குக் கீழே உன் முகம், எதையும் என்னால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அப்போது குப்பி விஷயம் தெரியாது, ஜினியைப் பார்த்த பயத்தில்தான் ஜன்னல் பக்கம் வந்து கண்ணைக் காட்டு என்றேன், நீ சிரித்துவிட்டு, "அம்மைக்கு இப்ப எல்லாரும் மஞ்சளாத்தான் தெரியும்" என்றாய். நானும் சிரித்தேன். அதில் இருந்து ஒரு வாரமாக நான் உன் பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக் கண்ணின் வெள்ளையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அப்பா பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கப் போனார், நானும் கூடப் போனேன். ஜினிக்கு ஒன்று என்று நேர்ந்திருந்தோம். அவர் இரண்டு வாங்கினார். இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "சும்மா" என்று சொல்லிவிட்டு இரண்டாவதை முதலாவதைவிட வேகமாக எறிந்தார், ஓடு என் காலடி வரை தெறித்து வந்தது. அவருக்கும் தெரியும் மக்கா, சொல்ல மாட்டார்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தள்ளிப்போடாமல் செய். திங்கட்கிழமை விடிந்ததும் டாக்டரிடம் போய், வீட்டில் தங்கைக்கு ஹெபடைட்டிஸ் ஏ, அதே தண்ணீரை நானும் குடித்தேன் என்று சொல்லு, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உடம்பு வலிக்கிறது என்று பாரசிட்டமால் விழுங்கிக்கொண்டிருக்காதே, டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிற வயதானவர்களுக்கு நீதானே கையால் ஊட்டிவிடுகிறாய், ரத்தப் பரிசோதனை வரும்வரை அந்த வேலைக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி உன் சூப்பர்வைசரிடம் காரணத்தைச் சொல்லிக் கேள், வெட்கப்படாதே. அவர்கள் வயதுக்கு இது ஜினிக்கு வந்த மாதிரி லேசாகப் போகாது. வினீத்திடமும் சொல்லு, ஒரே பாத்திரத்தில் சாப்பிடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்று போட்டோ எல்லாம் அனுப்பினாயே, நன்றாகக் குடி, நிறையக் குடி. மெஷின் அனுப்ப வேண்டாம். ஒன்றும் இல்லை என்று வந்தால் அம்மா பைத்தியம் என்று அத்தையோடு சேர்ந்து நீயும் சொல்லிக்கொள், எனக்குச் சந்தோஷம்தான்.

ஜினிக்கு இதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டாம். குப்பியை இப்போதும் அண்ணன்தான் நன்றாக நிறைப்பான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், நீ அடுத்த தடவை வரும்போதும் நீயேதான் நிறைக்க வேண்டும், ஆறவைத்த பாத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டித் தருகிறேன். அப்பா கேட்டால் நான் எழுதினேன் என்று சொல்லிவிடு, மறைக்க வேண்டாம், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் நீ நல்லா இருக்கணும், பிள்ளையார் துணை இருப்பார். நாளைக்கு அங்கே விடிந்ததும் மஞ்சள் பல்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. டாக்டரிடம் எப்போது போகிறாய் என்பதையும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஷிஜா